அகலத் தாளை நீளமாக்கி முன்னேற்ற வரைபடம் போட்ட அனுபவங்கள்

முதல் பதிவு: கட்டுமானத் திட்டமிடல் பொறியாளர், சென்னை

எக்செல் தாளிலிருந்து பவர் பிஐயில் (தரவை வரைபடங்களாகக் காட்டும் மென்பொருள்) முன்னேற்ற வரைபடம் போடப் போய்ச் சிரமப்பட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வேலை. சைட் இன்சார்ஜ் அண்ணன் வாரம் தவறாமல் நிரப்பும் தாள் ஒன்று உண்டு. இடது ஓரத்தில் பிளாக்கின் பெயர், அதையடுத்து வேலை: கம்பி கட்டுதல், சென்ட்ரிங், கான்கிரீட், செங்கல் கட்டு, பூச்சு. மேலே வாரத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் கீழே ‘திட்டம்’, ‘நடப்பு’ என்று இரண்டு நெடுவரிசைகள். கட்டங்களில் அந்த வார வேலையின் மதிப்பு, லட்ச ரூபாய்க் கணக்கில். 52 வாரத்துக்கு 104 நெடுவரிசைகள். கண்ணால் பார்ப்பவருக்கு இதைவிட நல்ல தாள் கிடையாது. விரலை வைத்து ஓட்டினால் எந்த வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பவர் பிஐயில் ஏற்றியபோது அந்த 104 நெடுவரிசைகளும் 104 தனிப் புலங்களாக வந்து நின்றன. தேதி என்று ஒரு புலமே இல்லை. தேதிகள் எல்லாம் தலைப்பில் இருக்கின்றன, தரவில் இல்லை. கீழ் அச்சில் எதைப் போடுவது? முதல் மாதம் கையாலேயே வெட்டி ஒட்டி நீளமான பட்டியலாக மாற்றினேன். இரண்டு மாலைகள் போயின. அடுத்த வாரம் புதிய எண்கள் வந்ததும் மறுபடியும் அதே வேலை.

பிறகுதான் பவர் பிஐக்குள் தரவைச் சீர்படுத்தும் பகுதியான பவர் குவெரியில் இருக்கும், நெடுவரிசைகளை வரிகளாக மாற்றும் ‘அன்பிவட்’ கட்டளையைக் கற்றுக்கொண்டேன். தலைப்பு ஒரே வரியாக இருந்தால் இரண்டு சொடுக்கில் முடிந்துவிடும். எங்களுடையது இரட்டைத் தலைப்பு. அதனால் சுற்றி வர வேண்டியிருந்தது. முதலில் தாளை ‘டிரான்ஸ்போஸ்’ செய்தேன், அதாவது வரிகளை நெடுவரிசைகளாகவும் நெடுவரிசைகளை வரிகளாகவும் மாற்றினேன். இப்போது தேதிகள் ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக வந்தன. தாளில் ஒவ்வொரு தேதியும் இரண்டு நெடுவரிசைகளுக்கு மேல் இணைத்த ஒரே கட்டம் என்பதால் ஒரு தேதி, ஒரு வெற்றிடம், ஒரு தேதி, ஒரு வெற்றிடம் என்று இருந்தது. ‘ஃபில் டவுன்’ கொடுத்ததும் வெற்றிடங்களில் மேலே இருந்த தேதி இறங்கியது. தேதியையும் ‘திட்டம்’, ‘நடப்பு’ என்ற சொல்லையும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு வைத்து ஒன்றாக ஒட்டினேன். மறுபடியும் டிரான்ஸ்போஸ் செய்து, முதல் வரியைத் தலைப்பாக்கி, பிளாக் பெயரையும் ஃபில் டவுன் செய்துவிட்டு, பிளாக்கையும் வேலையையும் மட்டும் தேர்ந்தெடுத்து ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’ (மற்ற நெடுவரிசைகளை எல்லாம் அன்பிவட் செய்) கொடுத்தேன். கடைசியில் ஒட்டியதைக் கோடு இருக்கும் இடத்தில் பிரித்தேன். பிளாக், வேலை, தேதி, வகை, மதிப்பு என ஐந்தே நெடுவரிசைகள்! அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் தாளில் ஒரு கட்டத்தைக்கூட மாற்றவில்லை. இப்போது அவர் சேமித்ததும் நான் ‘ரிஃப்ரெஷ்’ கொடுத்தால் போதும்.

திட்டத்துக்கும் நடப்புக்கும் திரள் தொகையை (அந்த வாரம் வரையிலான மொத்தக் கூட்டல்) கணக்கிட்டு, அதைக் கோடாகக் காட்டும் எஸ் வளைவு வரைந்தேன். கூட்டத்தில் இயக்குநர் திரையைப் பார்த்ததும் கேட்டார்: “செப்டம்பரோடு வேலை நின்றுவிட்டதா?” நடப்புக் கோடு செப்டம்பர் வரை ஏறிவிட்டு, அங்கிருந்து அடுத்த மார்ச் வரை தரையைப் போலத் தட்டையாகக் கிடந்தது. இன்னும் வராத வாரங்களுக்கும் கணினி அதே திரள் தொகையைப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. அத்தனை பேர் வெயிலில் நின்று செய்கிற வேலையை, நின்றுபோனது என்று என் வரைபடம் சொன்னது. அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

நடப்பு எண் பதிவான கடைசித் தேதியைக் கண்டுபிடித்து, அதற்குப் பிந்தைய நாட்களுக்கு வெற்று மதிப்பு தரும்படி சூத்திரத்தை மாற்றினேன். அப்போதும் கோடு மார்ச் வரை போனது. தாளைத் திறந்து பார்த்தால், வரப்போகும் வாரங்களின் நடப்புக் கட்டங்களில் அண்ணன் சுழியத்தை இழுத்து நிரப்பி வைத்திருந்தார். அன்பிவட் வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும். சுழியத்தை ஒரு பதிவாக எடுத்துக்கொள்ளும். அண்ணனிடம் போய் உட்கார்ந்து பேசினேன். “வேலை நடக்கவில்லை என்றால் சுழியம் போடுங்கள் அண்ணா. அந்த வாரம் இன்னும் வரவில்லை என்றால் வெறுமையாக விடுங்கள்.” அவர் சற்று யோசித்துவிட்டு, “சரிதான், இரண்டும் ஒன்றில்லையே” என்றார். அதன் பிறகு கோடு இந்த வாரத்தோடு சரியாக நிற்கிறது.

பதில்: தரவுப் பகுப்பாய்வாளர், கோவை

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடங்களில் நான் அடிபட்டேன். ஒன்று, மொத்தம். தாளின் வலது ஓரத்திலோ கடைசி வரியிலோ கூட்டுத்தொகை இருந்தால் அன்பிவட் அதையும் தரவாகச் சேர்த்துக்கொள்ளும், எல்லாம் இரட்டிப்பாகும். எங்கள் திட்டம் 186 சதவீதம் முடிந்ததாக ஒரு முறை காட்டியது. பிழை கண்ணில் படும்படி இருந்ததால் தப்பித்தோம்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் எச்சரிக்கையே வராது. தரவு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளிகளால் பிரித்த எளிய உரைக் கோப்பு) வந்தால், முதல் முறை இருந்த நெடுவரிசைகளின் எண்ணிக்கையைப் பவர் குவெரி முதல் படியிலேயே எழுதி வைத்துவிடுகிறது. பிறகு சேரும் வாரங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். சூத்திரப் பட்டையில் அந்த எண்ணை நீக்கிவிடுங்கள். தரவு எண்ணா, தேதியா, எழுத்தா என்று குறிக்க, தானாகச் சேரும் ‘சேஞ்ச்டு டைப்’ படியையும் அழித்துவிட்டு, அன்பிவட் முடிந்த பின் தரவு வகையைக் கொடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒரு தலைப்பைத் திருத்திய அன்று, அந்த நெடுவரிசை கிடைக்கவில்லை என்று எல்லாம் நின்றுவிடும்.

பதில்: குடிநீர்த் திட்டக் கண்காணிப்பில் இருப்பவர், மதுரை

எங்களுடையது கிராமம் ஒரு வரி, மாதம் ஒரு நெடுவரிசை. நீளமாக்கியதும் மாதங்கள் ஆங்கில அகர வரிசையில் அடுக்கிக்கொண்டன. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் முதலில் ஏப்ரல் சரியாகவே தெரிந்தது. அடுத்தது ஆகஸ்ட், பிறகு டிசம்பர். ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று தனி நெடுவரிசை வைத்து அதன்படி வரிசைப்படுத்தினேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சராசரி. ஒவ்வொரு கிராமத்தின் சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுத்திருந்தேன். 40 வீடுகள் உள்ள ஊரில் எல்லா இணைப்பும் கொடுத்தாயிற்று, 400 வீடுகள் உள்ள ஊரில் பாதிதான் என்றால் சராசரி 75 சதவீதம். உண்மையில் 440 வீடுகளில் 240க்குத்தான் தண்ணீர் வருகிறது, 55 சதவீதம்கூட இல்லை. அந்த 200 வீடுகளும் இன்னும் குடத்தோடு நடக்கின்றன. சதவீதத்தைத் தாளிலிருந்து எடுக்காதீர்கள். எண்ணிக்கையை எடுத்து, வகுத்தலைக் கடைசியில் செய்யுங்கள்.

பதில்: முதல் பதிவர்

கோவை நண்பருக்கு நன்றி. எங்கள் தாளிலும் ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் ஒரு கூட்டுத்தொகை வரி இருக்கிறது. ‘மொத்தம்’ என்ற பெயர் உள்ளதை நீக்க வடிகட்டி வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தபோது, சி பிளாக்கில் மட்டும் அது ‘கூடுதல்’ என்று எழுதப்பட்டிருந்தது. ஐந்து வாரமாக அந்த பிளாக் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. எல்லா வேலைக்கும் ஓர் எண் கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். எண் இல்லாத வரிகள் இனி உள்ளே வராது. பழைய ஐந்து அறிக்கைகளையும் திருத்தி இயக்குநருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.