ஈஸ்ட் செல்லுக்குள் சர்க்கரை நுழைவதை வகுப்பில் காட்ட ஒரு வழி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பதினோராம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். போன வாரம் நான்கு பாட்டில்களில் வெதுவெதுப்பான தண்ணீரும் உலர் ஈஸ்ட்டும் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரையைக் கரைத்து, வாயில் பலூன் மாட்டினோம்.

குளுக்கோஸும் சாதாரண சர்க்கரையும் அரை மணி நேரத்தில் பலூனை நிமிர்த்திவிட்டன. சாதாரண சர்க்கரையை ஈஸ்ட் பெரும்பாலும் வெளியிலேயே, செல் சுவரில் இருக்கும் இன்வர்டேஸ் நொதியால் உடைத்து, குளுக்கோஸும் பிரக்டோஸுமாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. முளைகட்டிய தானியத்தில் இருக்கும் சர்க்கரையான மால்ட்டோஸ் அப்படியில்லை, உடையாமல் முழுதாகவே நுழைய வேண்டும். ஒரு புரோட்டானோடு சேர்த்து அதை உள்ளே இழுக்கத் தனிப் புரதம் தேவை. அந்தப் பலூன் எழ ஒன்றரை மணி நேரம் ஆனது. பால் சர்க்கரையான லாக்டோஸ் இருந்த பாட்டிலில் பலூன் கடைசிவரை தொங்கியே கிடந்தது.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், லாக்டோஸ் உள்ளேயே போகலையா, இல்ல போயும் உடையலையா?" எவ்வளவு அருமையான கேள்வி! பேக்கரி ஈஸ்ட்டுக்கு லாக்டோஸை உள்ளே எடுக்கவும் உடைக்கவும், இரண்டு வசதியும் இல்லை என்று சொன்னேன். ஆனால் சொல்வதோடு விட மனமில்லை, கண்ணால் காட்ட வேண்டும்.

செல்லுக்குள் நுழையும் தடையே இல்லாதபடி ஈஸ்ட்டை மணலோடு அரைத்து, சாற்றில் லாக்டோஸையும் மால்ட்டோஸையும் தனித்தனியே கலந்து, சிறுநீரில் குளுக்கோஸ் பார்க்கும் பட்டையை நனைக்கலாமா? 1897இல் ஜெர்மன் வேதியியலாளர் எட்வர்ட் புக்னர் காட்டியதுபோல் அந்தச் சாறே குளுக்கோஸை நொதிக்க வைத்துவிட்டால், பட்டை நிறம் மாறாதே? யாராவது செய்து பார்த்திருந்தால், அளவுகளோடு சொல்லுங்கள். வரும் வியாழக்கிழமை ஆய்வக வகுப்பு இருக்கிறது.