ஓமத் தீநீர் வடிக்க எந்தக் கண்ணாடிச் சாமான் வாங்குவது? முதல் முயற்சி வீணாகிவிட்டது, உதவுங்கள்

சிறுமலை

வணக்கம். திண்டுக்கல் பக்கம் இருக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்து 18 வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பியூரெட்டைக்கூடத் தொடவில்லை. இப்போது மாடியில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, மறுபடியும் ஆரம்பிக்கலாம் என்று ஆசை வந்துவிட்டது.

முதலில் எடுத்தது ஓமம். வயிற்று வலி என்றாலே என் அம்மாச்சி ஓமத் தீநீர் பாட்டிலைத்தான் எடுப்பார். அதை நானே காய்ச்சி வடித்துப் பார்க்க வேண்டும்.

போன வாரம் செய்தது இது. பழைய 250 மி.லி. கூம்புக் குடுவையில் ஓமப்பொடியும் தண்ணீருமாக 200 மி.லி. அளவுக்கு நிரப்பினேன். ரப்பர் கார்க்கில் துளை போட்டுக் கண்ணாடிக் குழாயைச் செருகி, குழாய்மேல் ஈரத்துணி சுற்றி, கேஸ் அடுப்பில் வைத்தேன். ஆவியில் பாதி வெளியே போனது. வடிந்த தண்ணீர் பழுப்பாக, நுரையோடு வந்தது. ஓம வாசனையைவிட ரப்பர் வாசனைதான் தூக்கல். கடைசியில் குடுவையை இறக்கி ஈரமான கிரானைட் மேடையில் வைத்தேன், "டிக்" என்று அடியில் வட்டமாக விரிசல் விட்டது. நல்லவேளை, கையில் படவில்லை.

ஒழுங்கான செட் வாங்க 8,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஆன்லைனில் ஒரு செட் 24/40 என்று வருகிறது. மதுரைக் கடையில் விசாரித்தால் 24/29 தான் இருக்கிறது என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் நேர்க்குழாயா, குமிழ் வைத்ததா, சுருள் வைத்ததா? கேஸ் அடுப்பு போதுமா?

பழைய ஆய்வகம்

வணக்கம் அம்மா. ஒரு கல்லூரியில் 30 வருடம் கண்ணாடிச் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். எது வாங்கலாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது தண்ணீரா, எண்ணெயா?

இதைத் தீர்மானித்துவிட்டால் சாமான் தானாக முடிவாகிவிடும். தீநீர்தான் வேண்டுமென்றால் சாதாரண வடித்தல் செட் போதும். எண்ணெயைத் தனியாகப் பிரித்து எவ்வளவு என்று அளக்க வேண்டுமென்றால் கிளெவெஞ்சர் கருவி என்று ஒன்று உண்டு, 1928இல் வந்த வடிவம். அதில் வடிந்த தண்ணீர் மறுபடி குடுவைக்கே திரும்பிவிடும், எண்ணெய் மட்டும் அளவுக்குழாயில் மிதந்து நிற்கும். எண்ணெய்க்கு அருமையான கருவி. ஆனால் தீநீர் கேட்கிறவருக்கு உதவாது, ஏனென்றால் நீங்கள் எடுக்க நினைக்கும் தண்ணீரையே அது திருப்பி அனுப்பிவிடுகிறது. இதை யோசிக்காமல் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறுமலை

தீநீர்தான் ஐயா முதலில். மேலே கொஞ்சம் எண்ணெய் மிதந்தால் அதையும் எடுத்துப் பார்க்க ஆசை. பின்னால் எலுமிச்சைப்புல்லும் யூகலிப்டஸ் இலையும் செய்வேன்.

பழைய ஆய்வகம்

அப்படியானால் சாதாரண செட்டே சரி. கூடவே, தண்ணீரையும் மேலே மிதக்கும் எண்ணெயையும் பிரித்தெடுக்க 250 மி.லி. பிரிபுனல் ஒன்று.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். 24 என்பது ஒரு சாமான் இன்னொன்றுக்குள் செருகும் இணைப்பின் அகலமான முனையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் சொரசொரப்பான பகுதியின் நீளம். 24/29இல் அது 29 மி.மீ., 24/40இல் 40 மி.மீ. சாய்வு இரண்டுக்கும் ஒன்றுதான், 10 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறையும். அதனால் ஒன்றோடு ஒன்று பொருந்தவே செய்யும், ஆனால் நீளமானது 11 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் வடிக்கும்போது அது குற்றமில்லை. ஆனாலும் 24/29 வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 24/40 அமெரிக்கப் பழக்கம். நம் கடைகளில் பி24 என்று கேட்டால் கொடுப்பது 24/29 தான். நாளைக்கு அடாப்டர் ஒன்று உடைந்தால் மதுரையில் போய் அதே ஒன்றை மட்டும் வாங்கிவரலாம். ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒன்பது சாமான் செட்டில் நாலு உங்களுக்குத் தேவையே இருக்காது.

கண்டென்சர் நேர்க்குழாய்தான், லீபிக். மேல்சட்டை, அதாவது குளிர்நீர் ஓடும் வெளிக்குழாய், 300 மி.மீ. இருக்கட்டும். குமிழ் வைத்தது செங்குத்தாக நிறுத்தி, ஆவியைத் திரும்பக் குடுவைக்கே விழவைப்பதற்காக ஆனது. சாய்த்து வைத்தால் ஒவ்வொரு குமிழிலும் கொஞ்சம் தேங்கும். 100 கிராம் ஓமத்திலிருந்து வருவதே 2 முதல் 4 மி.லி. எண்ணெய்தான், அதில் பாதி குமிழ்களில் ஒட்டிக்கொண்டால் மனசு கேட்காது. சுருள் வைத்ததையும் சாய்க்க முடியாது. கழுவுவதும் பெரும்பாடு.

குடுவை 1 லிட்டர் வட்ட அடி. சாமானும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. போன தடவை பழுப்புத் தண்ணீர் வந்ததற்கு இதுதான் காரணம். 250க்கு 200 நிரப்பினால் நுரைக்கு இடமேது? அது பொங்கி நேராகக் குழாய்க்குள் போய்விட்டது. அப்புறம், ஓமத்தைப் பொடியாக்காதீர்கள். உரலில் லேசாக ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும்.

வைகைக்கரை

அக்கா, குடுவை விரிந்ததைப் பற்றி நான் சொல்கிறேன். அதன்மேல் ஏதாவது பெயர் அச்சிட்டிருந்ததா? இல்லையென்றால் சாதாரண சோடாக் கண்ணாடியாக இருக்கலாம். போரோசிலிகேட் 3.3 என்று சொல்வதில் அந்த 3.3 வெப்பத்தில் விரியும் அளவைக் குறிக்கிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் பத்து லட்சத்தில் 3.3 பங்கு விரியும். சோடாக் கண்ணாடி ஏறக்குறைய 9 பங்கு. அடி குளிர்ந்து சுருங்கும்போது பக்கச்சுவர் இன்னும் சூட்டில் விரிந்தே நிற்கும், அந்த இழுபறியில்தான் விரிசல். போரோசிலிகேட்டாக இருந்தாலும் ஈர கிரானைட் வேண்டாம். கார்க் வளையம் இல்லையென்றால் மடித்த காய்ந்த துண்டு போதும்.

வாங்கும்போது செய்ய ஒரு சோதனை உண்டு. மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்த நிலையில் திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் குடுவையைப் பிடியுங்கள். நன்றாகப் பதப்படுத்திய குடுவை ஏறக்குறைய இருட்டாகவே தெரியும். உள்ளே இறுக்கம் இருந்தால் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் வெளிச்சப் பட்டை தெரியும். நான் ஒரு மலிவு செட் வாங்கினேன், மூன்றுகழுத்துக் குடுவையின் பக்கக் கழுத்துகள் இரண்டும் ட்யூப்லைட் மாதிரி மின்னின. ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கொடைக்காற்று

நான் யூகலிப்டஸ் இலை வடிக்கிறேன். ஆவிக்கு குக்கரையே பயன்படுத்தலாமே? வெயிட் போடும் குழாயில் சிலிக்கோன் ட்யூப் மாட்டினால் போதும். கண்ணாடியில் செலவு மிச்சம்.

பழைய ஆய்வகம்

தம்பி, குக்கரில் வெறும் தண்ணீர் மட்டும் இருந்து, இலை வேறு பாத்திரத்தில் இருந்தால் சரி. ஓமத்தையோ இலையையோ குக்கருக்குள்ளேயே போட்டால் ஒரு துணுக்கு அந்தச் சின்னத் துவாரத்தை அடைத்துவிடும், அப்புறம் அது வெடிகுண்டு. கண்ணாடி செட்டுக்கும் இதே விதிதான் அம்மா. கண்டென்சரின் நுனியில் மாட்டும் வளைவு அடாப்டரில் ஒரு சின்ன மூக்கு இருக்கும். அது திறந்தே இருக்க வேண்டும். வாசனை போகிறதே என்று யாரும் அதை அடைக்கக் கூடாது.

சூட்டுக்கு 1 லிட்டர் ஹீட்டிங் மேன்டில் (குடுவை உட்காரும் மின்சூடேற்றி) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இரும்பு வாணலியில் சலித்த மணல் போட்டு, அதில் குடுவையின் அடி பாதி புதையும்படி வைத்து, வாணலியைக் கரன்ட் காயில் அடுப்பில் ஏற்றுங்கள். சூடேற நேரமாகும், ஆனால் ஓமம் அடிப்பிடிக்காது. நேரடித் தீ வேண்டாம். கொதி சீராக வருவதற்கான கொதிகற்களை, உடைந்த ஓட்டுச் சில்லு நாலு போதும், தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சூடான தண்ணீரில் போட்டால் குபீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குடுவை வற்ற விடாதீர்கள்.

சிறுமலை

குளிர்நீருக்கு என்ன செய்வது ஐயா? இங்கே போர் தண்ணீர், உப்பு அதிகம். வாரத்துக்கு மூன்று நாள்தான் குழாய்த் தண்ணீர். திறந்துவிட்டு ஓடவைக்க மனசு வராது.

வைகைக்கரை

ஓடவிடவே வேண்டாம் அக்கா. ஏர்கூலரில் போடும் சின்ன பம்பு ஒன்று, 20 லிட்டர் வாளி ஒன்று. தண்ணீர் கண்டென்சரின் கீழ்மூக்கில் ஏறி மேல்மூக்கில் இறங்கி வாளிக்கே வரட்டும். மாற்றி மாட்டினால் சட்டை முழுதும் நிரம்பாது, மேல்பாதியில் காற்றுதான் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் நீராவி தண்ணீரானால் ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பத்தை விடும். நிமிடத்துக்கு 5 மி.லி. வடிந்தால் 11,300 ஜூல். 20 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 84,000 ஜூல் வேண்டும். ஆக, மணிக்கு 8 டிகிரி ஏறும். ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த வாளியே தாங்கும். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டை மிதக்கவிடுங்கள். வாளியில் மழைநீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள், போர் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் சட்டைக்குள் வெள்ளை உப்பு படியும். படிந்துவிட்டால் எலுமிச்சை உப்புக் கரைசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் போய்விடும்.

பழைய ஆய்வகம்

ஓமத்துக்கு ரொம்பக் குளிரவைக்கவும் வேண்டாம். ஓம எண்ணெயில் தைமால் நிறைய உண்டு, தனியாக இருந்தால் அது 50 டிகிரி வாக்கிலேயே உறைந்து கட்டியாகிவிடும். எண்ணெயில் கலந்திருக்கும்போது பெரும்பாலும் திரவமாகவே வரும், ஆனாலும் ஐஸ் தண்ணீர் விட்டால் குழாய்க்குள் ஊசி ஊசியாகப் படிகம் கட்டலாம். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பம்பை நிறுத்திச் சில நிமிடம் சூடேற விடுங்கள், உருகி இறங்கிவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். இதே செட்டில் சாராயம் காய்ச்சலாமா என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்பார்கள். அனுமதி இல்லாமல் செய்தால் அது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். அப்புறம், நீங்கள் வடிக்கும் தீநீரை வீட்டுக் குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுக்காதீர்கள். கடைப் பாட்டிலில் அளவு உண்டு. உங்கள் வடிநீரில் எவ்வளவு எண்ணெய் கரைந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

சிறுமலை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாம் 24/29இல் மதுரையில் வாங்கினேன். 1 லிட்டர் குடுவை, ஸ்டில் ஹெட் (குடுவைமேல் உட்கார்ந்து ஆவியைக் கண்டென்சருக்குத் திருப்புவது), 300 மி.மீ. லீபிக், வளைவு அடாப்டர், பிரிபுனல், ஸ்டாண்டு இரண்டு. மேன்டில் பட்ஜெட்டில் அடங்கவில்லை, மணல் வாணலிதான்.

நேற்று 100 கிராம் ஓமம், 400 மி.லி. கேன் தண்ணீர். முக்கால் மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை. அப்புறம் ஸ்டில் ஹெட்டுக்குள் பனி மாதிரி படர்ந்து, அந்த ஈர வளையம் மெல்ல ஏறி, தெர்மாமீட்டர் குமிழைத் தொட்டதும் பாதரசம் கடகடவென்று 98க்குப் போனது. முதல் சொட்டு பால் மாதிரி வெள்ளையாக விழுந்தது. அறை முழுக்க அம்மாச்சி வீட்டு வாசனை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மொத்தம் 250 மி.லி. வடிந்தது. ராத்திரி பிரிபுனலில் விட்டு வைத்தேன், காலையில் மேலே மஞ்சளாக ஒரு படலம். அளந்தால் 1.6 மி.லி. தான். 2 முதல் 4 என்றீர்களே, எங்கே தவறினேன்? இன்னொரு பிரச்சினை, குடுவையும் ஸ்டில் ஹெட்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது.

பழைய ஆய்வகம்

தவறே இல்லை அம்மா. தைமால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு கிராம் கரையும். உங்கள் 250 மி.லி. தீநீரிலேயே கால் கிராம் வரை இருக்கும், அது இருப்பதால்தான் அது தீநீர். விதைக்குள்ளும் இன்னும் பாக்கி இருக்கும். அடுத்த தடவை வடிந்த தண்ணீரில் பாதியைத் திரும்பக் குடுவையில் ஊற்றி இன்னொரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஊற்றுவதற்கு முன் அடுப்பை அணைத்துக் குடுவையை ஆறவிடுங்கள், மறுபடி ஏற்றும்போது புதுச் சில்லு போடுங்கள், பழையது ஒருமுறை ஆறிவிட்டால் வேலை செய்யாது.

ஒட்டிய இணைப்பை முறுக்காதீர்கள். கை கிழிவது அங்கேதான். குடுவையைக் காலி செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்டாண்டில் நிமிர்த்திப் பிடித்து, வெளிப்பக்கத்துக் கழுத்தை மட்டும் ஹேர் டிரையரால் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுங்கள். வெளிக்கழுத்து முதலில் விரிய வேண்டும், உள்ளே இருப்பது சூடாவதற்குள் மரக்கரண்டிக் காம்பால் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். கையில் தடித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இனிமேல் மாட்டும்போது இணைப்பின் மேல்பாதியில் மட்டும் கிரீஸை மெல்லிசாகத் தடவி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சொரசொரப்பு மறைந்து, தெளிந்த வளையம் ஒன்று தெரியும். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பு இருக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

சிறுமலை

இரண்டாவது தட்டிலேயே கழன்றுவிட்டது ஐயா. கழுத்தில் விரிசல் இல்லை, கூலிங் கிளாஸ் வைத்தும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைப்புல்.