உதவி தேவை: நானோவிஎன்ஏ-வில் 40 மீட்டர் டைபோல் அளவீடு நம்பும்படியாக இல்லை

மாடித்தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அண்மையில்தான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றேன். மொட்டை மாடியில் 40 மீட்டர் பட்டைக்காகத் தலைகீழ் 'வி' வடிவில் ஒரு டைபோல் (இரு கைகள் கொண்ட தந்தி ஆண்டெனா) கட்டியிருக்கிறேன். நடுமுனை தரையிலிருந்து சுமார் 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டு ஒவ்வொரு கையையும் 10.05 மீட்டராக வெட்டினேன். வீட்டு ஒயரிங்கில் மீந்த பிவிசி உறையிட்ட ஒயரையே பயன்படுத்தினேன். அங்கிருந்து கீழே என் அறைக்கு 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் வருகிறது.

அளப்பதற்கு இணையத்தில் 2.8 அங்குலத் திரை கொண்ட நானோவிஎன்ஏ-எச் ஒன்றை வாங்கினேன்; ஆண்டெனா எவ்வளவு சிக்னலைப் பிரதிபலிக்கிறது என்று அளக்கும் சிறிய கருவி அது. கேபிளின் மறுமுனையில்தான் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும் என்று படித்திருந்ததால், கருவியை அறையில் வைத்துக்கொண்டு, தம்பியை மாடியில் நிறுத்தி, ஓபன், ஷார்ட், லோடு (திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் மின்தடை) மூன்றையும் அவன் ஒவ்வொன்றாக மாட்டி "போட்டாச்சு" என்று குரல் கொடுக்கக் கொடுக்க, நான் கீழே பொத்தானை அழுத்திச் சேமித்தேன். பிறகு அலைவெண் வரம்பை 6.5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை சுருக்கி ஆண்டெனாவை இணைத்தேன்.

எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம்; 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 6.82 மெகாஹெர்ட்ஸில் நன்றாகக் குறைகிறது. ஆனால் 7.1-இல் 6-க்கு மேல் காட்டுகிறது. வரம்பின் இரு ஓரங்களிலும் ஸ்மித் வரைபடத்தின் (பிரதிபலிப்பை வட்டத்துக்குள் காட்டும் படம்) கோடு வட்டத்தையே விட்டு வெளியே போய்விடுகிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய ஊசி வகை எஸ்டபிள்யூஆர் மீட்டரை வைத்து, டிரான்ஸீவரில் குறைந்த திறனை அனுப்பிப் பார்த்தால், அதே 7.1-இல் 2.3-தான் வருகிறது. அளவுத்திருத்தத்தில் தவறு இருக்குமோ என்று மீண்டும் லோடை மாட்டிப் பார்த்தேன். புள்ளி வட்டத்தின் நடுவில் அசையாமல் நிற்கிறது. அப்படியானால் கருவியே பழுதா? விற்றவரிடம் திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம் தம்பி. திருப்பி அனுப்புவதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். அளவுத்திருத்தம் செய்தபோது கருவியில் எந்த அலைவெண் வரம்பு இருந்தது? இப்போது திரையின் இடது ஓரத்தில் தெரியும் 'சி' என்ற ஆங்கில எழுத்து பெரியதா, சிறியதா?

மாடித்தந்தி எழுதியது:

ஐயா, வாங்கியபோது இருந்த வரம்பிலேயே, அதாவது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரே தடவையாகச் செய்துவிட்டேன். ஒருமுறை முழுவதற்கும் செய்துவிட்டால் எந்தப் பட்டைக்கும் உதவும் என்று எண்ணினேன். எழுத்து சிறிய 'சி'தான். அதற்குப் பொருள் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஈயப்பற்று எழுதியது:

கருவியில் குறை இல்லை. திருப்பி அனுப்ப வேண்டாம்.

பெரிய 'சி' என்றால், இப்போது திரையில் உள்ள வரம்பிலேயே அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். சிறிய 'சி' என்றால், வேறொரு வரம்பில் எடுத்த திருத்த மதிப்புகளுக்கு இடையே கருவி நேர்கோடு போட்டு, உத்தேசமாக ஒரு மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்கிறது என்று பொருள். பல நேரங்களில் இந்த உத்தேசம் போதுமானது. உங்கள் விஷயத்தில் அது அடியோடு பொய்த்துவிட்டது. காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

உங்கள் கருவி ஒரு வரம்பில் 101 புள்ளிகளைத்தான் அளக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸை 100 இடைவெளிகளாகப் பிரித்தால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 9 மெகாஹெர்ட்ஸ். ஆகவே முதல் புள்ளி 0.05-இலும் இரண்டாவது புள்ளி ஏறக்குறைய 9.05-இலும் விழுகின்றன. உங்கள் 40 மீட்டர் பட்டை முழுவதும், 80 மீட்டர் பட்டையும்கூட, அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளியும் இல்லாத வெற்றிடத்தில் கிடக்கிறது.

கருவியின் வாயிலிலேயே (கேபிளை மாட்டும் இணைப்பியிலேயே) திருத்தம் செய்திருந்தால்கூட இது அவ்வளவாகக் கெடுத்திருக்காது. நீங்கள் 15 மீட்டர் கேபிளையும் சேர்த்தல்லவா திருத்தினீர்கள்! ஆர்ஜி-58-இல் அலை செல்லும் வேகம் ஒளியின் வேகத்தில் 0.66 பங்கு என்பதால், மின்னளவில் அந்தக் கேபிள் 22.7 மீட்டர், போய்த் திரும்பினால் 45.5 மீட்டர். 9 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 33.3 மீட்டர். ஆகவே முதல் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளிக்குப் போவதற்குள் பிரதிபலிப்பின் கட்டம் (ஃபேஸ்) ஒரு முழுச் சுற்றையும் தாண்டி, ஏறத்தாழ 1.36 சுற்று சுழன்றுவிடுகிறது. இடையில் நடந்த சுழற்சி எதுவும் கருவிக்குத் தெரியாது. இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைக்கிறது. வட்டப் பாதையில் ஓடும் ஒன்றுக்குக் குறுக்கே நேர்கோடு போட்டால், அந்தக் கோடு வட்டத்தின் உள்ளே புகுந்து மையத்துக்கு அருகில் போகும் அல்லவா? அதனால் திருத்தத்தின் அளவு உண்மையைவிடச் சிறிதாகிறது. அந்தச் சிறிய அளவால் வகுக்கும்போது ஆண்டெனாவின் பிரதிபலிப்பு உண்மையைவிடப் பெரிதாகிறது. அதுதான் உங்கள் கோடு வட்டத்தைவிட்டு வெளியே ஓடுவதன் காரணம். வெறும் தந்தியும் கேபிளும் பெற்றுக்கொண்டதைவிட அதிக திறனைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே இத்தகைய அளவீட்டில் கோடு வட்டத்துக்கு வெளியே போனால் முதலில் திருத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, லோடை மாட்டிச் சோதித்தது உங்களை ஏமாற்றிவிட்டது. 50 ஓம் லோடு எதையும் பிரதிபலிப்பதில்லை. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான். இந்த வகைப் பிழையை அது காட்டவே காட்டாது. 6.82-இல் நீங்கள் கண்ட பள்ளத்தை நம்பலாம் என்பதும் இதே காரணத்தால்தான்; அங்கும் பிரதிபலிப்பு ஏறத்தாழப் பூச்சியம். பிழையைக் காட்டிக்கொடுப்பவை ஓபனும் ஷார்ட்டும். ஓபன் மாட்டினால் புள்ளி வட்டத்தின் வலது ஓரத்தில் ஒரே இடத்தில் குவிய வேண்டும்; ஷார்ட் மாட்டினால் இடது ஓரத்தில். அவை வளைந்த வாலாக நீண்டால் அளவீட்டைத் தொடர வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது: முதலில் வரம்பை 6.5 முதல் 7.5 வரை அமையுங்கள். பழைய திருத்தத்தை ரீசெட் கொடுத்து அழியுங்கள். அதன் பிறகே தம்பியை மாடிக்கு அனுப்புங்கள். புள்ளிகளின் இடைவெளி அப்போது 10 கிலோஹெர்ட்ஸாகிவிடும். ஓர் இடைவெளியில் கட்டம் சுமார் அரை டிகிரிதான் நகரும்.

புதுமுகம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். எச், எச்4, வி2, லைட்விஎன்ஏ என்று பல பெயர்கள் குழப்புகின்றன. சிற்றலையும் 2 மீட்டர் பட்டையும்தான் என் தேவை. ஒருவேளை பின்னாளில் 865 மெகாஹெர்ட்ஸில் லோரா (குறைந்த திறனில் தொலைதூரத்துக்குத் தரவு அனுப்பும் முறை) ஆண்டெனாக்களையும் பார்ப்பேன்.

நாற்பதுமீட்டர் எழுதியது:

உங்கள் தேவைக்கு எச்4 போதும் என்பது என் கருத்து. 4 அங்குலத் திரை என்பது ஆடம்பரமாகத் தோன்றும்; உச்சி வெயிலில் மாடியில் நின்று 2.8 அங்குலத் திரையில் எண்களைப் படித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதில் 401 புள்ளிகள் வரை எடுக்கவும் முடியும்.

எச் வரிசையில் சிக்னலை உண்டாக்குவது எஸ்ஐ5351 என்ற சில்லு. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளை (மூன்று, ஐந்து மடங்கு அலைவெண்களை) கொண்டுதான் கருவி அளக்கிறது. அதனால் மேலே போகப் போக மெலிந்த சிக்னல்களைப் பிரித்தறியும் திறன் குறைகிறது. 865-இல் ஓர் ஆண்டெனாவின் எஸ்டபிள்யூஆர் பார்க்க இது தடையாகாது. கூர்மையான ஃபில்டரின் அடிமட்டத்தை அளக்க வேண்டுமானால் தடைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஆண்டெனா வரை போக வேண்டியவர்கள்தாம் வி2 அல்லது 6.3 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் லைட்விஎன்ஏ-வைப் பார்க்க வேண்டும்.

மலிவு நகல்களில் சில, உள்ளே மிக்சர்களின் (சிக்னல்களைக் கலக்கும் சில்லுகளின்) மேல் மூட வேண்டிய உலோக மூடியே இல்லாமல் வருகின்றன. வாங்கியவுடன் லோடின் நடுமுனைக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து 50 ஓம் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியிலுள்ள சிறிய எஸ்எம்ஏ திருகு இணைப்பியை இறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருகினால் நடுமுனை தேய்ந்துவிடும். தடித்த ஆண்டெனா கேபிளுக்கான கனமான பிஎல்-259 அடாப்டரைக் கருவியில் நேரடியாகத் தொங்கவிடாமல், இடையில் ஒரு சாண் நீளக் கேபிளை வையுங்கள். நீண்ட தந்தி ஆண்டெனாவில் நிலைமின்னூட்டம் சேர்ந்திருக்கும். இணைக்கும் முன் கேபிளின் நடுமுனையை ஒருமுறை உறையோடு தொடச் செய்துவிடுங்கள். கருவி ஆண்டெனாவில் இருக்கும்போது பக்கத்தில் யாரும் கையடக்க ரேடியோவில் டிரான்ஸ்மிட் செய்ய வேண்டாம். நான் ஒரு கருவியை அப்படித்தான் இழந்தேன்.

மாடித்தந்தி எழுதியது:

ஐயா சொன்னபடியே செய்தேன். இப்போது பெரிய 'சி' தெரிகிறது. ஓபன் வலது ஓரத்தில் ஒற்றைப் புள்ளியாக நிற்கிறது. ஆண்டெனாவை இணைத்தால், பள்ளம் அதே 6.82-இல், எஸ்டபிள்யூஆர் 1.2. ஆனால் 7.1-இல் இப்போது 2.7 வருகிறது, ஊசி மீட்டர் 2.3 என்றது. இந்த வேறுபாடு ஏன்?

ஈயப்பற்று எழுதியது:

இரண்டும் சரி. நீங்கள் திருத்தியது ஆண்டெனாவின் வாயிலில். ஊசி மீட்டர் இருப்பது அறையில். போகும்போதும் திரும்பும்போதும் கேபிள் கொஞ்சம் விழுங்கிவிடுவதால், அறையில் எஸ்டபிள்யூஆர் எப்போதும் சற்று அழகாகவே தெரியும். பழைய கேபிள் என்றால் இன்னும் அழகாகத் தெரியும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒத்ததிர்வு, அதாவது பள்ளம் விழும் அலைவெண், 4 விழுக்காடு கீழே போனதற்கு பிவிசி உறையே பெரும்பாலும் காரணம். கைகள் சரிந்து இறங்குவதும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். 10.05-ஐ 6.82-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 9.65 மீட்டர் வரும். ஒவ்வொரு கையிலும் 40 சென்டிமீட்டரை வெட்டாதீர்கள்; பின்னால் மடக்கித் தந்தியோடு ஒட்டி முறுக்கிவிடுங்கள்.

மாடித்தந்தி எழுதியது:

மடக்கிவிட்டேன். பள்ளம் 7.09-இல், 7.0, 7.2 இரண்டிலும் 1.5-ஐத் தாண்டவில்லை. ஒன்று மட்டும் மிச்சம்: அறையில் கேபிளைக் கையால் பிடித்தால் பள்ளம் சுமார் 30 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது, மடிக்கணினியின் யூஎஸ்பி ஒயரைச் செருகினாலும் அப்படித்தான்.

ஈயப்பற்று எழுதியது:

கேபிளின் வெளி உறையில் மின்னோட்டம் ஓடுகிறது. உங்கள் கையும் மடிக்கணினியும் ஆண்டெனாவின் பகுதியாகிவிடுகின்றன. நடுமுனையில் 31 வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளை 12 சுற்று சுற்றி ஒரு சோக் (உறையின் மேல் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) வையுங்கள். மாட்டும் முன் அதையும் இதே கருவியில் அளக்கலாம்: கேபிளின் உறையை மட்டும் இரு வாயில்களின் நடுமுனைகளுக்கும் இடையே தொடராக இணைத்து எஸ்21-ஐ (ஒரு வாயிலிலிருந்து மற்றதற்குச் சென்றுசேரும் சிக்னலின் அளவை) பாருங்கள். 20 டெசிபல் இழப்பு என்றால் ஏறத்தாழ 900 ஓம், 30 என்றால் ஏறத்தாழ 3000 ஓம். 7 மெகாஹெர்ட்ஸில் 30-ஐ எட்டினால் மாடிக்குக் கொண்டுபோங்கள்.

மாடித்தந்தி எழுதியது:

31 டெசிபல் வந்தது ஐயா. இன்று மாலை மாட்டினேன். இப்போது கேபிளைப் பிடித்தாலும் பள்ளம் அசையவில்லை.