மறுமொழி: 'ஃபைன் ட்யூனிங்' – நுண்ணமைப்பா, நுண்ணிசைவா?

அனைவருக்கும் வணக்கம். இயற்கையின் மாறிலிகள் (மாறாத அடிப்படை எண்கள்) உயிர் தோன்ற ஏற்றபடி துல்லியமாகப் பொருந்தியிருப்பதை இயற்பியலில் 'ஃபைன் ட்யூனிங்' என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்கு அதன் தமிழ்ச் சொல்லைத் தேடும்போது ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'நுண்ணமைப்பு' என்றே வைத்துக்கொள்வோம். நம் அண்டத்தைப் போல் பல அண்டங்கள் உண்டு என்னும் பல்லண்டக் கொள்கை அதை விளக்கிவிட்டது. அமைத்தவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை.

இடமில்லை என்று சொல்லிக்கொண்டே அமைத்தவரைச் சொல்லுக்குள் உட்கார வைத்துவிட்டீர்களே! 'அமைப்பு' பிறவினைப் பக்கம் சாய்கிற சொல். 'நுண்சீராக்கம்' அதைவிட மோசம். நமக்கு வேண்டியது தன்வினையிலிருந்து பிறந்த பெயர். இசைதல், இசைவு, ஆகவே 'நுண்ணிசைவு'. மாறிலிகளின் மதிப்பு உயிர் தோன்றுவதற்கு ஏற்ற குறுகிய எல்லைக்குள் இசைந்திருக்கிறது என்பது மட்டுமே இதில் வரும். யாராவது இசைவித்தாரா, தற்செயலா என்பதைச் சொல் முன்கூட்டியே தீர்த்துவைக்கக் கூடாது.

கரிமத்தையே பாருங்கள். விண்மீனுக்குள் மூன்று ஹீலியக் கருக்கள் சேர்ந்து போதிய கரிமம் உண்டாக வேண்டுமானால், கரிமக் கருவுக்குக் குறிப்பிட்ட இடத்தில் ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953-இல் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் வாதிட்டார். சோதனையில் அது ஏறத்தாழ 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் அகப்பட்டது. இதை 'நுண்ணிசைவு' என்றால் ஆத்திகரும் நாத்திகரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போடலாம்.

'பல்லண்டம்' எனக்கு உடன்பாடே. ஆனால் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்க வேண்டாம். குவாண்டம் நிகழ்வின் ஒவ்வொரு விளைவும் தனிக் கிளையாகப் பிரிகிறது என்று 1957-இல் இயற்பியலாளர் எவரெட் முன்வைத்தார். அந்தக் கிளைகளில் அடிப்படை மாறிலிகள் பொதுவாக ஒன்றேதான். நுண்ணிசைவுக் கேள்விக்கு அவை உதவா. அவற்றைக் 'கிளையண்டங்கள்' என்போம். வெளி முடிவின்றி அதிவேகமாக விரிந்துகொண்டே போகும் ஓயாத உப்பலில் (eternal inflation) பிறந்து, மாறிலிகள் வேறுபடக்கூடியவை 'குமிழியண்டங்கள்'. அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளாகக் கருதும் இழைக் கோட்பாட்டில் பேசப்படும் 10-இன் 500-ஆம் அடுக்கு வாய்ப்புகள் இவற்றுக்குத்தான் பொருந்தும்.

குமிழிகள் பல என்பதாலேயே விளக்கம் கிடைத்துவிடுமா? அறைக்குள் நுழைகிறோம், இரண்டு பகடையிலும் ஆறு விழுகிறது. 'வெகுநேரமாக உருட்டுகிறார்கள் போலும்' என்று முடிவு கட்டுவது பிழை என்றார் மெய்யியலாளர் இயன் ஹாக்கிங், 1987-இல். இந்த வீச்சுக்கும் முந்தைய வீச்சுகளுக்கும் தொடர்பில்லை. ஆறு விழுந்தால்தான் நம்மை உள்ளே விடுவார்கள் என்றால் கதையே வேறு. பல்லண்ட வாதத்தின் உயிர்நாடி இந்த வாயிற்காவல்தான்: நோக்க உயிர் இருக்க முடிந்த அண்டத்தை மட்டுமே நோக்க முடியும். அதற்குத்தான் நம்மிடம் நல்ல பெயரில்லை. இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் 1973-இல் சூட்டிய பெயரைப் (anthropic principle) பின்பற்றி 'மாந்தநெறி' என்கிறோம். மாந்தருக்கும் இதற்கும் தனித் தொடர்பு கிடையாது. நோக்குவதற்கு எந்த உயிர் இருந்தாலும் போதும். 'நோக்குநர் தெரிவு' என்று முன்மொழிகிறேன்.

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் 1987-இல் பயன்படுத்தியது இந்தக் காவலைத்தான். அண்ட விரிவை முடுக்கக்கூடிய அண்டவியல் மாறிலி மிகப் பெரிதாக இருந்தால் விண்மீன் மண்டலங்களே திரளா. ஆகவே நாம் காண்பது சிறியதாக, ஆனால் சுழியமாக இருக்கத் தேவையில்லாததாக இருக்கும் என்றார். 1998-இல் அண்ட விரிவு முடுக்கமடைவது தெரிந்தபோது அவர் வாதத்துக்குத் திடீர் மதிப்பு வந்தது. இந்தத் துறையில் வென்ற கணிப்பு என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

—

மறுமொழி:

நுண்ணிசைவு, கிளையண்டம், குமிழியண்டம் மூன்றுக்கும் என் வாக்கு. 'நோக்குநர் தெரிவு' மட்டும் இடிக்கிறது. நோக்குநர் அண்டத்தைத் தெரிவு செய்கிறார் என்று படிப்பவர் நினைப்பார். அவர் எதையும் செய்யவில்லை. அவர் இருக்க முடிந்த இடத்தில் இருக்கிறார், அவ்வளவே. தன்வினை வேண்டும் என்ற உங்கள் அளவுகோலையே இங்கும் வைத்தால் 'நோக்குநர்சார் சாய்வு' தேறும். புள்ளியியலில் ஒருபக்கச் சார்பைக் (bias) குறிக்க 'சாய்வு' ஏற்கெனவே வழங்குவதால் மாணவருக்கும் எளிது.

இன்னொன்று. எண்ணற்ற குமிழிகளில் எது 'பெரும்பாலானது' என்று கணக்கிட எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவிடும் முறை (measure) இன்னும் யாரிடமும் இல்லை. முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் வகுக்கிற முறைக்கேற்ப விடை மாறும். அதனால் சொற்பட்டியலில் பல்லண்டத்துக்கான குறிப்பில் 'நுண்ணிசைவை விளக்குகிறது' என்பதை அடித்துவிட்டு 'விளக்க முயல்கிறது' என்று போடுங்கள்.