கேட்காமலே வந்த அறிவுரை: உங்கள் அனுபவம் என்ன?

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது தினமும் நடப்பதுதான். எதிரில் வருகிறவர் விரல்களைக் குவித்துக் குவித்து விரிப்பார், பட்டப்பகலில் ஹெட்லைட் எரிகிறதாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே லைட் எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. இதை நடுரோட்டில் யாரிடம் நின்று விளக்குவது? சிலர் பதிலுக்கு முறைப்பதையும் 'போய்யா' என்று கையை வீசுவதையும் பார்த்திருக்கிறேன். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன், ஏனென்றால் 'தம்பி, ஸ்டாண்டு!' என்று கத்துகிறவரும் இதே ஆள்தான். சைடு ஸ்டாண்டு கீழே இருப்பது தெரியாமல் இடதுபக்கம் வளைத்தால் அது தரையில் இடித்து ஆளையே தள்ளிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஷால் சக்கரத்துக்குப் பக்கத்தில் பறப்பது ஓட்டுகிறவர் கண்ணுக்குப் படவே படாது, பக்கத்தில் வருகிற ஏதோ ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு. லைட்டுக்கு முறைத்து அனுப்பினால் அவர் அடுத்த வண்டியின் ஸ்டாண்டைப் பார்த்தும் 'நமக்கெதுக்கு' என்று போய்விடலாம் இல்லையா?

ஒருமுறை சிக்னலில் பால்கேனோடு நின்ற பெரியவர், "பின் டயர்ல காத்து கம்மி சார்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் பக்கவாட்டில் பிதுங்கி நிற்பதைக் காட்டினார், அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. இப்போது வண்டி எடுக்கும் முன் என் கண் தானாக அங்கே போகிறது.

———

பைக்காவது பரவாயில்லைங்க, கைக்குழந்தையோடு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். குல்லா போடலையா, ஏன் இவ்வளவு துணி சுத்தியிருக்க, பால் பத்தலை போல, எல்லாம் ஒரே பயணத்தில் வரும்! அதற்கெல்லாம் சிரித்துவிடலாம். வீட்டில்தான் சங்கடம். என் சின்ன மாமியார் பிள்ளை பிறந்த கையோடு நாக்கில் தொட்டுச் சேனை வைக்கத் தேன் கொண்டு வந்தார். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும் என்று. பெரியவர்கள் சொல்கிறார்களே என்று இதில் தலையாட்ட முடியாது. "ஒரு வயசு முடியட்டும் அத்தை, அப்ப உங்க கையாலேயே குடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் அவரே வந்து, பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவிவிடு, ஏப்பம் வந்த பிறகு படுக்க வை என்று செய்து காட்டினார். தேன் விஷயத்தில் வந்த கோபத்தில் இதையும் காதில் வாங்காமல் விட்டிருந்தால் நஷ்டம் எனக்குத்தான், ராத்திரி முழுக்கக் குழந்தையோடு நடந்துகொண்டிருந்திருப்பேன். பாட்டி வைத்தியம் எல்லாமே அறிவியல் என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது, எல்லாமே மூடநம்பிக்கை என்கிறவர்களோடும் ஒத்துவராது.

———

எனக்கு நடந்தது மாடித்தோட்டத்தில். சுரைக்கொடியில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தன. தண்ணீர் கேன் போட வந்த அண்ணன் தோளில் கேனை வைத்தபடியே, "ஆம்பளப் பூவைப் பறிச்சு பொம்பளப் பூவுல தடவுங்க, ஆனா சாயந்திரம். சுரை பொழுது சாஞ்சுதான் பூக்கும்" என்றார். பரங்கி காலையில் பூக்கும், வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான், அதனால் காலை வேளையில் தடவுவதுதான் எல்லாவற்றுக்கும் முறை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துக்கு வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள், முட்டையை முழுசாகப் புதைக்கச் சொன்னவர்கூட உண்டு (புதைக்கவில்லை, எலி வரும்). இவர் சொன்னதில் நேரமும் காரணமும் இருந்தன. அவர் ஊரில் பந்தல் போட்டுக் காய் விற்ற குடும்பமாம், பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. காய் பிடித்தது, முதல் காய் அவர் வீட்டுக்குப் போனது. முருங்கையை எப்போது ஒடித்துவிட வேண்டும் என்று அடுத்த கேன் வரும்போது கேட்க வேண்டும்.