மறு: நுழைவு வளைவும் டைனோசர் சிலையும்

குழு சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

துபாய் மாமா போன வாரம் போட்ட மடலுக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கணும். நம்ம ஊர் நுழைவில் வளைவும் டைனோசர் சிலையும் வைத்தால் சுற்றுலா ஆட்கள் வருவார்கள் என்று மாமா எழுதியிருந்தார். மாமா, ஆட்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதுதான் இப்போது சிக்கலே.

போன லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் மாவட்டத்துக் காரை மேட்டுக்குப் போனேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வெயில் சாய்ந்ததும் செம்மண் மடிப்புகளுக்குள் ஓடுகிற ஜிப்சம் நரம்புகள் கண்ணாடித் தூள் மாதிரி மின்ன ஆரம்பித்தன. நம்ம அப்பாக்கள் கடலைக் கொல்லைக்குப் போட்ட அதே ஜிப்சம்தான். கீழே குனிந்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட் கற்கள். கணவாய் மீனின் பழைய உறவுக்காரன், அதன் உள் ஓடு கல்லாகிப்போனது இது. நாம் ஆடு விரட்டின இடம் சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் என்று சொன்னால் மகள் நம்பவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்ததும் பேச்சே இல்லை.

அவளை மேட்டில் உட்கார வைத்துப் படம் எடுக்கிற நேரத்தில் மூன்று பைக்குகள் பள்ளத்துக்குள் இறங்கின, ரீல்ஸ் எடுக்க. ஓடை முழுக்கத் தண்ணீர் பாட்டில். இன்னொரு பக்கம் கல்லூரிப் பேருந்து ஒன்று. பிள்ளைகள் ஆளுக்கொரு சுத்தியல். போகும்போது கற்களைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். எந்தக் கல்லூரி என்று இங்கே வேண்டாம். சாக்குடன் கிளம்புவது ஒரு கல்லூரி மட்டும் இல்லை என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்.

"எப்படியும் மழை அடித்துக்கொண்டு போகிற கல்தானே" என்று சித்தப்பா கேட்கலாம். நியாயமான கேள்வி. மென்மையான களிமண்ணை மழை அறுப்பதால்தான் அங்கே இத்தனை பள்ளம், அதனால்தான் ஒவ்வொரு மழைக்கும் புதுக் கல் வெளியே வருகிறது. ஆனால் எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் எடுத்த கல், பட்டா இல்லாத நிலம் மாதிரி. ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பெரிதாக உதவாது. 1862-இல் பிளான்போர்டு என்கிற வெள்ளைக்காரர் நம்ம ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் பெயர்களை இந்தப் பாறைத் தொகுதிகளுக்கு வைத்தார். இன்றைக்கும் உலகத்தில் கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) படிக்கிறவனுக்கு ஊட்டத்தூர் தெரியும். நம்ம பிள்ளைகளுக்கு அது பஸ் நிறுத்தம்.

டைனோசர் விஷயத்துக்கு வருகிறேன். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் எடுத்த பெரிய டைனோசர் எலும்புகளுக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன, படமும் அளவும்தான் மிச்சம். 2020-இல் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்ஆப் அலறியது ஞாபகம் இருக்கும். கடைசியில் அது அம்மோனைட் (சுருள் ஓடு உள்ள பழைய கடல் உயிரி) சம்பந்தப்பட்ட உருண்டைக் கல் என்றார்கள். நம்ம பக்கத்தின் உண்மையான சொத்து அந்தப் பழைய கடல்தான், மாமா. சிமெண்ட் டைனோசரை எந்த பீச் பார்க்கிலும் பார்க்கலாம்.

பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தை, கல்மரத்தைப் பாருங்கள். 1940-இல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்தது, 18 மீட்டர் நீளம், தேசியப் புவியியல் சின்னம். வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் மரம் பிழைத்தது. ஆனால் பார்க்க வருகிறவர் பத்து நிமிஷம் நின்றுவிட்டுக் கார் ஏறிவிடுகிறார். ஊருக்கு ஒரு டீ வியாபாரம்கூட இல்லை.

நான் இருப்பது பினாங்கில், பக்கத்தில் லங்காவித் தீவு. 2007 முதல் அது யுனெஸ்கோ புவிப் பூங்கா, அதாவது பாறைக்கும் நில அமைப்புக்கும் பேர்போன, காப்பாற்றப்படுகிற இடம். கிலிம் சதுப்புக்காட்டுக்குப் படகு ஓட்டுவது அந்தக் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம்; மீன் பிடித்த கைகளே இப்போது சுண்ணாம்புக் குகையைக் காட்டுகின்றன. எல்லாம் நல்லபடி என்று சொல்ல மாட்டேன். பயணிகள் கைதட்ட வேண்டும் என்று கழுகுக்குக் கோழித் தோல் வீசிப் பழக்கினார்கள், படகு வேகத்தில் அலை அடித்துக் கரை அரித்துப்போனது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை யுனெஸ்கோ ஆட்கள் வந்து பார்த்துத்தான் அந்தப் பட்டத்தைப் புதுப்பிக்கிறார்கள். அந்தப் பயம் இருப்பது நல்லது.

ஆகவே என் வேண்டுகோள்: வளைவுக்கு ஒதுக்கின பணத்தில் ஊரில் இருக்கிற நாலு பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, வழிகாட்டிப் பயிற்சி கொடுப்போம். வாரணவாசி அருங்காட்சியகத்தில் பெரிய அம்மோனைட்டெல்லாம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். வண்டிகள் தார்ச்சாலையோடு நிற்கட்டும், மேட்டுக்கு நடைதான். முன்பதிவு செய்து வருகிறவர்களுக்குச் சுய உதவிக் குழு அக்காக்கள் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தால் காசு ஊரிலேயே நிற்கும். மழைக்காலத்தில் யாரையும் விடக் கூடாது. அந்தக் களியில் காலே ஊன்றாது. ஊராட்சியும் வருவாய்த் துறையும் ஒப்புக்கொண்டால்தான் இதெல்லாம் நடக்கும், அந்தப் பேச்சை ஊரில் இருக்கிற பெரியப்பா தொடங்கட்டும்.

கல்லூரிப் பிள்ளைகளைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது சரியில்லை. என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு அம்மோனைட் வைத்திருக்கிறேன். மலேசியாவுக்கு முதல் தடவை வரும்போது ஊர் ஞாபகத்துக்கு எடுத்து வந்தது. குழுவில் இன்னும் எத்தனை வீட்டு ஷோகேஸில் இருக்கிறதோ, மனசாட்சிப்படி எழுதுங்கள். தை மாதம் வரும்போது என்னுடையதைக் கொண்டுவந்து வாரணவாசியில் கொடுத்துவிடப் போகிறேன். எந்த மேட்டில் எடுத்தேன் என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். அது எனக்கு நினைவில்லை.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்கள் தம்பி