சிக்கராயபுரம் கல்குட்டைகளைச் சுற்றிக் குடும்பத்தோடு நடக்கப் பாதை போடலாமா?

மாங்காட்டுவாசி:
சென்னைப் புறநகரில், மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் இருக்கிற சிக்கராயபுரம் கல்குவாரிகளைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். கல்லெடுப்பு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட குழிகள், எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர். இந்தப் பக்கம் வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலாற நடக்க ஓர் இடம் கிடையாது. மாங்காடு அம்மன், குன்றத்தூர் முருகன், அதை விட்டால் மால். குழிகளுக்கு வெளியே, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு சுற்றுப்பாதை போட்டால் என்ன? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் அளவுக்குச் சமமான தரை, பெரியவர்கள் உட்கார நிழலில் திண்ணை, ஒரு கழிப்பறை. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். வந்த வழியே திரும்பு என்றால் பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
வேண்டாம். நான் இந்தப் பக்கத்துக்காரன். கோடை விடுமுறை வந்தால் கல்குட்டையில் குளிக்கப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் செய்தி தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்தபடியே இருக்கிறது. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் அந்தத் துக்கம் நடந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் இங்கே பாதை போடு என்று கேட்க மாட்டார்கள்.

ஏரி வேறு, கல்குட்டை வேறு. ஏரியில் கால் வைத்தால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மெதுவாக ஆழம் கூடும். கல்குட்டையில் அந்த வரிசையே கிடையாது. கரையில் நிற்கிற பாறை செங்குத்தாக இறங்குகிறது. ஓர் அடி தள்ளி விழுந்தாலே தலைக்கு மேல் தண்ணீர். மேல்மட்டத் தண்ணீர் வெயிலில் சூடாகி இருக்கும், கொஞ்சம் கீழே போனால் சில்லென்று இருக்கும், அந்த அதிர்ச்சியில் மூச்சுத் திணறும். நீச்சல் தெரிந்த பையன்களே செத்துப்போவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, தண்ணீருக்குள் படிக்கட்டு மாதிரி பாறைத்தட்டுகள் ஒளிந்திருக்கும். குதிக்கிறவன் தலை அதில்தான் மோதும். அப்புறம் ஏறி வரலாம் என்றால் பாசி பிடித்த சுவரில் விரல் வைக்க இடமிருக்காது.

இதைச் சுற்றிப் பாதை போட்டு, விளக்குப் போட்டு, பஜ்ஜிக் கடையும் வைத்தால், இன்றைக்குப் பத்துப் பேர் வருகிற இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் வருவார்கள்.

மாங்காட்டுவாசி:
அப்பா அவர்களே, நீங்கள் சொல்கிற ஆபத்தில் ஒரு வார்த்தைகூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் போனது பாதை இருந்ததாலா? ஆளில்லாத இடம், கேட்க நாதியில்லை, வேலி கிழிந்து கிடக்கிறது என்பதால்தான் போனார்கள். காலையிலும் மாலையிலும் குடும்பங்கள் நடக்கிற இடத்தில் நாலு பையன்கள் சட்டையைக் கழற்றினால் நாற்பது பேர் சத்தம் போடுவார்கள். பகலில் மது பாட்டிலோடு உட்காருகிறவர்களும் இடத்தை மாற்றிக்கொள்வார்கள். சேத்துப்பட்டு ஏரியைப் பாருங்கள். புதர் மண்டிக் கிடந்தது. 2016-இல் பூங்காவாகத் திறந்து, சுற்றி நடைபாதை போட்ட பிறகு தினமும் ஆட்கள் நடக்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
சேத்துப்பட்டு ஏரி. நான் ஏரியும் கல்குட்டையும் வேறு என்று இவ்வளவு எழுதியதே இதற்காகத்தான்.

சிங்கைச் செல்வி:
நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். புக்கிட் பாத்தோக்கில் ‘லிட்டில் குயிலின்’ என்று ஒரு பழைய கருங்கல் குவாரி இருக்கிறது. அதை மூடிச் சாலை போடத்தான் வீடமைப்புக் கழகம் முதலில் நினைத்தது. தண்ணீருக்கு நடுவே பாறை எழுந்து நிற்கிற அழகைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார்கள். இன்றைக்கு ஞாயிறு மாலை போனால் தாத்தா, பாட்டி, சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் எல்லாரும் இருப்பார்கள்.

ஆனால் மாங்காட்டுவாசி ஒன்றைக் கவனிக்க வேண்டும். புக்கிட் தீமா மலை அடிவாரத்தில் ஹிந்தீட் குவாரி இருக்கிறது. அங்கே குழியைச் சுற்றி வர முடியாது. காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்து போனால் ஒரு மேடை. அங்கே நின்று, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தபடி தண்ணீரையும் எதிர்ச் சுவரையும் பார்க்கலாம். அவ்வளவுதான். பால்பண்ணை இயற்கைப் பூங்காவை ஒட்டிய சிங்கப்பூர் குவாரியிலும் மேடையில் நின்று பார்ப்பதுதான். மக்களை விளிம்பு முழுக்க நடக்க விட்டிருக்க முடியும், விடவில்லை. சுவரின் தலைப்பகுதி யாருக்கும் திறக்கப்படவில்லை. 2022-இல் திறந்த ரைஃபிள் ரேஞ்ச் பூங்காவிலும் ஒரு பழைய குவாரியை நன்னீர்ச் சதுப்பாக மாற்றியிருக்கிறார்கள். அதையும் உயரத்தில் கட்டிய மேடையிலிருந்து பார்க்கலாம்.

முழுச் சுற்று என்ற பிடிவாதத்தை விட்டால் உங்கள் பாதைக்கு ஆதரவு கூடும் என்று நினைக்கிறேன்.

கல்லும்மண்ணும்:
இரண்டு பக்கமும் ஆபத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் பாதைக்கு ஆதரவு, காரணம் கல்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் பதித்த பலகைக்கல் இந்த வகைப் பாறை. 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். பரங்கிமலையில் அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். இன்னும் ஒன்று. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் குழியில் இருந்துதான். நம் பிள்ளைகள் விமான நிலையத்துக்குப் போகும்போது அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள், ஒருத்தரும் சொல்லித்தருவதில்லை.

கைவிட்ட குவாரியின் சுவர் ஒரு திறந்த பாடம். மலையை அறுத்து உள்ளே காட்டுகிற இடம் வேறு எங்கே கிடைக்கும்? எதிர்ச் சுவரை உற்றுப் பாருங்கள். வெடி வைக்கத் துளை போட்டார்களே, அந்தத் துளையின் ஒரு பாதி நெட்டுக்குத்தான வடுவாகப் பாறையில் நிற்கும், குழாயைப் பிளந்து ஒட்டினது போல. அதன் மறுபாதி லாரியில் ஏறி ஜல்லியாகி யாரோ ஒருவர் வீட்டுத் தளத்தில் கிடக்கிறது. கொம்பன் ஆந்தை கூடு வைப்பதும் இந்த மாதிரிப் பாறைப் பொந்துகளில்தான். நீர்க்காகமும் முக்குளிப்பானும் தண்ணீரில். இவ்வளவையும் மேடையிலிருந்து பார்க்கலாம், சிங்கைச் செல்வி சொல்வது சரி.

நீர்வழி:
எல்லாரும் மறந்துவிட்டீர்கள், இது குடிதண்ணீர். 2017 வறட்சியில் ஏரிகள் காய்ந்தபோது இந்தக் குழிகளிலிருந்து நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் எடுத்து, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சென்னைக்குக் கொடுத்தார்கள். 2019-இலும் எடுத்தார்கள். குழிகளை ஒன்றோடொன்று இணைத்து வெள்ளநீரைப் பிடித்துவைக்கும் திட்டமும் பேசப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் தின்பண்டக் கவர், டயப்பர், தண்ணீர் பாட்டில் விழுந்தால் அதை யார் எடுப்பது? செங்குத்துக் குழிக்குள் விழுந்த குப்பையைத் துடைப்பம் வைத்துப் பெருக்க முடியாது.

மாங்காட்டுவாசி:
நீர்வழி, ஆள் நடமாட்டம் இல்லாத இந்த நாளிலேயே ராத்திரியில் லாரி வந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போகிறது. குடும்பங்கள் கொண்டுவரும் கவரைவிட அது எத்தனை மடங்கு! நடக்க ஆள் வந்தால் புகார் சொல்லவும் ஆள் இருக்கும்.

நீர்வழி:
புகார் சொல்ல ஆள் வேண்டும் என்றால் காவலாளி போடுங்கள். ஊரையே காவலுக்குக் கூப்பிட வேண்டாம்.

டிப்பர் ஓட்டுநர்:
நான் பதினைந்து வருஷம் ஜல்லி ஏற்றினவன். குழியை மட்டும் பார்க்காதீங்க, குழிக்குப் போகிற ரோட்டையும் பாருங்க. அந்த ரோடெல்லாம் லாரிக்காகப் போட்டது. ஓரத்தில் நடக்க இடமே கிடையாது. லோடு ஏற்றின வண்டியில் இடது பக்கம் கீழே நிற்கிற குழந்தை எங்கள் கண்ணுக்குத் தெரியாது. பாதைக்கு வந்துசேரும் வழியைச் சரி பண்ணாமல் பாதையை மட்டும் போட்டால் சாவு தண்ணீரில் நடக்காது, ரோட்டில் நடக்கும்.

இன்னொரு விஷயம். வெடி வைத்த பாறை உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும். ஒரு மழைக்காலம் போனால் ஓரம் தானாகக் கழன்று விழும். பத்தடி தள்ளி நடந்தால் போதும் என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கல் படிச்சவங்க வந்து தட்டிப் பார்த்துத்தான் சொல்லணும்.

கல்லும்மண்ணும்:
அண்ணன் சொன்ன இரண்டும் சரி. சுவர்த்தலையை ஆய்வு செய்து எத்தனை மீட்டர் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டும், குழிக்குக் குழி அது மாறும். வேலியோ புதுக் கோரிக்கையே இல்லை. திறந்த குவாரியின் மேல்விளிம்புக்கு வேலி வேண்டும் என்று 1961-ஆம் வருஷத்து உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது.

மாங்காட்டுவாசி:
சரி, முழுச் சுற்றை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல மனமில்லை. ஆனால் சுற்று என்றால் எல்லாக் குழிகளையும் சுற்ற வேண்டும் என்பதில்லை. சாலையை ஒட்டிய, சுவர் குறைந்த ஒரே ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். இரண்டு அடுக்கு வேலி. உள்வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் அனுமதி இல்லை. வெளிவேலிக்கு வெளியே வேப்பமரமும் புங்கமரமும் வைத்த பாதை, ஓரிடத்தில் மட்டும் பார்வை மேடை. காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நாலு முதல் ஆறு. இருட்டின பிறகு கதவு பூட்டு. கடை கிடையாது. நம் வெயிலில் மத்தியானம் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் யாரும் நடக்கவும் முடியாது.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
கதவுப் பூட்டு எத்தனை நாளைக்கு இருக்கும்? திறப்புவிழா அன்றைக்கு இருக்கும். நம் ஊர்ப் பூங்காக்களில் உடைந்த ஊஞ்சலை மாற்ற எவ்வளவு காலம் ஆகிறது என்று எல்லாருக்கும் தெரியும். உடைந்த ஊஞ்சலால் முட்டி சிராய்க்கும். உடைந்த வேலியால் பிள்ளை போய்விடும். அதனால் எனக்கு வரிசை முக்கியம். முதலில் எல்லாக் குழிகளுக்கும் வேலி, கயிறும் மிதவையும், தமிழில் பெரிய எழுத்தில் பலகை, கோடை மாதங்களில் ஓர் ஆள். இது இரண்டு கோடை தாங்கி நிற்கட்டும். அதற்குப் பிறகு பாதையைப் பற்றி என்னிடம் கேளுங்கள், அப்போதும் நான் சரி என்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மாங்காட்டுவாசி:
திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுகிறேன். இரண்டு தனி மனு. முதலாவது நீங்கள் சொன்ன வேலி, கயிறு, பலகை, ஆள், அதோடு டிப்பர் அண்ணன் சொன்ன சாலையோர நடைவழி. இரண்டாவது பாதை. முதலாவதில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
முதலாவதில் போடுகிறேன், தெருவில் இன்னும் முப்பது கையெழுத்து வாங்கியும் தருகிறேன். இரண்டாவதுக்கு எதிராக நானே ஒரு மனு கொடுப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.